வேலை தருவேன் என்கிற அரசியல்வாதி உண்மையில் வேலை உருவாக்குகிறாரா?

தம்பி, நீங்கள் எழுதியதில் மூன்று கேள்விகள் கலந்து கிடக்கின்றன. இலங்கையின் கிழக்கு மாகாணத்தில், மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில் பட்டம் முடித்துவிட்டு இருக்கிறீர்கள், மாகாண சபைத் தேர்தல் பேச்சு திரும்பவும் அடிபடுகிறது, தமிழ்நாட்டு முதலமைச்சர்கள் முதலீட்டு மாநாடு வைத்து இலட்சக்கணக்கில் வேலை கொண்டுவருவதாகச் செய்தி பார்க்கிறீர்கள். அதனால் எங்கள் மாகாணத்துக்கும் பொருளாதாரம் தெரிந்த ஒருவர் முதலமைச்சராக வந்தால் வேலை வருமா, அல்லது இந்தக் கொள்கைப் பேச்செல்லாம் வாக்குக்காகத்தானா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், நியமனத்தை நம்பிக் காத்திருக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: அந்த அரசியல்வாதி இல்லாமல் போயிருந்தால் வந்திருக்காத ஒரு வேலை, அவர் இருந்ததால் வந்ததா? நான் பொருளாதாரம் படித்து, பல வருடம் மாவட்டத் திட்டமிடல் வேலையில் இருந்து ஓய்வுபெற்றவன். எங்கள் பகுதிக்கு வந்த திட்டங்களின் கோப்பும் கூட்டமும் முன்னேற்ற அறிக்கையும் என் கையால் போயிருக்கின்றன. ஆனால் தொழிற்சாலை நடத்தியவன் அல்ல. முதலாளியின் கணக்கை வெளியில் நின்றுதான் பார்த்திருக்கிறேன், அதை மனதில் வைத்து வாசியுங்கள்.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இருக்கிற வேலையை யாருக்குக் கொடுப்பது என்பதை ஒரு மாவட்டத்து அல்லது மாகாணத்து அரசியல்வாதியால் தீர்மானிக்க முடியும், அதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். புதிதாக ஒரு வேலையை உண்டாக்குவது அவர்கள் கையில் மிகக் கொஞ்சம். ஆனால் வேறொருவர் வேலை உண்டாக்க வழி திறப்பதும் அந்த வழியை அடைத்து வைப்பதும் அவர்கள் கையில் நிறையவே இருக்கிறது. நாங்கள் இதையெல்லாம் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம், அதனால் நியமனக் கடிதம் நீட்டியவருக்கு மாலை போடுகிறோம், காணிப் பிரச்சினையைத் தீர்த்து வைத்தவர் யார் என்றே தெரியாமல் இருக்கிறோம்.

எங்கள் பக்கம் வேலை என்றாலே அரசாங்க உத்தியோகம்தான், ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன். 2017இல் மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அதற்குப் பிறகு, 2020இல் நாடு முழுவதும் சுமார் 50,000 பட்டதாரிகளைப் பயிலுநர்களாக எடுத்தார்கள், மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவு. அந்தப் பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும் அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும், அதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நாலைந்து மேசை போட்ட ஒரு கிளைக்கு அதைவிட மூன்று மடங்கு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். கதிரை போதாமல் விறாந்தையில் வாங்கு போட்டு இருத்தினார்கள். காலையில் வரவுப் பதிவேட்டில் கையெழுத்து, பிறகு யாராவது ஒரு வேலை தந்தால் செய்வது, தராவிட்டால் பின்னேரம் வரைக்கும் இருப்பது. வணிகமும் விஞ்ஞானமும் படித்த பிள்ளைகள், வேலை செய்ய ஆசையோடு வந்த பிள்ளைகள், அங்கே இருந்து ஒவ்வொரு நாளாக மங்கிப்போனதைப் பார்த்தது எனக்கு இன்னும் வலிக்கிறது. அப்புறம் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியான வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்த அதே அரசு, வருமானம் சுருங்கிய நிலையில் சம்பளப் பட்டியலை நீட்டியது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள், அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. கையில் வந்த 20,000 ரூபாய்க்குக் கடையில் கிடைத்த சாமான் எவ்வளவு குறைந்தது என்பதை நீங்களே கண்டிருப்பீர்கள். அந்தச் சரிவுக்கு நியமனம் மட்டும் காரணம் என்று யாராவது சொன்னால் அது பிழை. வருமானம் இல்லாமல் செலவை ஏற்றியதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு, அவ்வளவுதான்.

ஆனால் எல்லா அரசு வேலையும் இப்படி இல்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பாடசாலை ஒன்றில் வருடக்கணக்காகக் கணித ஆசிரியர் இல்லாமல் இருந்து, அங்கே ஒருவரை நியமித்தால் அது உண்மையான வேலை. அந்த வகுப்பில் இருந்து நாளைக்கு ஒரு தாதியும் ஒரு தொழினுட்ப உத்தியோகத்தரும் வருவார்கள். ஆகவே எத்தனை நியமனம் என்று கேட்பதை விட, எந்த வெற்றிடத்துக்கு, எந்த இடத்துக்கு என்று கேட்பதுதான் சரி.

இனி பெரிய திட்டங்கள். இதற்கு அம்பாறைக் கரையோரத்து ஒலுவிலை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது, ஏனென்றால் ஒரே தலைவரின் இரண்டு கனவுகள் ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப் 1994இல் துறைமுக அமைச்சரானார். யுத்த காலத்தில் எங்கள் பிள்ளைகள் பலருக்குப் படிப்பைத் தொடர முடியாமல் இருந்த நிலையில், 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகமானது அவருடைய முயற்சியில்தான். அதே ஒலுவிலில் துறைமுகம் ஒன்றும் வேண்டும் என்று அவர் நினைத்தார். 2000ஆம் ஆண்டு அவர் இறந்த பிறகு, டென்மார்க்கின் கடனுதவியில் 2008இல் வேலை தொடங்கி 2013 செப்டெம்பரில் திறந்தார்கள். இன்று போய்ப் பாருங்கள். பல்கலைக்கழகத்தைச் சுற்றி அறை வாடகைக்கு விடும் வீடுகள், போட்டோக் கொப்பிக் கடை, சாப்பாட்டுக் கடை, ஆட்டோ, தையல், விரிவுரையாளர், எழுதுவினைஞர், காவலாளி, தோட்ட வேலைக்காரர் என்று கண்ணுக்குத் தெரிகிற வேலை இருக்கிறது, அதற்கு மேலே அங்கே படித்து வெளியேறி நாடெங்கும் உத்தியோகம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். துறைமுகத்துக்கு எதிர்பார்த்த வர்த்தகக் கப்பல்கள் வரவில்லை. வாய்ப்பகுதியை மணல் அடைத்தது, மீன்பிடிப் படகுகளே உள்ளே போக முடியாமல் தவித்தன. அலைதடுப்புச் சுவர் கட்டியதில் ஒரு பக்கம் மணல் சேர, மறுபக்கம் கரை அரிபட்டுத் தென்னந்தோப்பும் தோணி இழுத்து வைக்கிற இடமும் கடலுக்குள் போயின. கரைவலை இழுத்தவர்களுக்கு இருந்த வேலையும் கெட்டது. வேலை தருவதாகச் சொன்ன திட்டமே வேலையைப் பறித்தது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எங்கள் கூட்டங்களில் பலமுறை விவாதித்திருக்கிறோம். என் முடிவு இது: பல்கலைக்கழகத்துக்கு வரத் தயாராக மாணவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள், இல்லாதது இடம் மட்டும்தான். துறைமுகத்துக்கு வர எந்தக் கப்பலும் வரிசையில் நிற்கவில்லை. எங்கள் பகுதியில் ஏற்றுமதிக்குச் சரக்கு இல்லை, வடக்கே திருகோணமலை இருக்கிறது, தெற்கே அம்பாந்தோட்டை வந்துவிட்டது. தேவை ஏற்கெனவே இருந்து ஒரு தடை மட்டும் குறுக்கே நின்றால், அந்தத் தடையை எடுக்கிற அரசியல்வாதி உண்மையாகவே வேலை உண்டாக்குகிறார். தேவையே இல்லாத இடத்தில் கட்டடம் கட்டினால், கட்டுகிற வருடங்களில் மேசனுக்கும் லொறிக்காரருக்கும் வேலை, பிறகு பூட்டும் காவலாளியும். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் உள்ள பகுதி வேறு. 1990களில் துறைமுக அதிகார சபையில் எங்கள் பகுதி இளைஞர்கள் பலருக்கு அஷ்ரப் காலத்தில் வேலை கிடைத்தது. அவை அவர் கொடுக்காவிட்டாலும் வேறு மாவட்டத்தில் வேறு யாருக்கோ கிடைத்திருக்கும் வேலைகள், ஆகவே நாட்டுக்குப் புதிய வேலை என்று சொல்ல முடியாது. ஆனால் அதுவரை அந்தப் படலைக்குள்ளேயே போகாத ஒரு சமூகத்துக்கு அது நீதியும் கூட. பொருளாதாரக் கணக்கில் பூச்சியமாக விழுகிற ஒன்று, நீதிக் கணக்கில் பூச்சியம் அல்ல. இதை எப்படி நிறுப்பது என்பதில் பொருளாதாரம் படித்தவர்களே ஒத்துப்போவதில்லை.

அடுத்தது கொழும்பு. எங்கள் மாவட்டத்தில் வேலை ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் மட்டக்களப்பில் தீர்மானிக்கப்படுவதில்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தினார்கள். நவம்பரில் தளர்த்தினார்கள், அதற்குள் மாரிகாலப் பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. நாட்டின் அந்தப் பெரும்போக நெல் விளைச்சல் முந்தைய வருடத்தை விட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விழுந்தது. உன்னிச்சைப் பக்கம் ஒரு வயல் வட்டையில் அது எப்படி இறங்கியது என்று பாருங்கள்: பயிர் மஞ்சளித்து நின்றது, வயற்சொந்தக்காரரான போடியார் செலவைக் குறைத்தார், புல்லுப் பிடுங்க வருகிற பெண்களைக் கூப்பிடவில்லை, வெட்டு மெசின்காரருக்கு ஏக்கர் குறைந்தது, மூட்டை ஏற்றுகிற நாட்டாமைகளுக்கு ஏற்ற மூட்டை இல்லை, கடன் கொடுத்த கடைக்காரர் அடுத்த போகத்துக்குக் கொடுக்க யோசித்தார். இவர்கள் யாரும் எந்த வேலையிழப்புப் பட்டியலிலும் வரவில்லை, ஏனென்றால் இவர்களுக்கு நியமனக் கடிதம் இருந்ததே இல்லை. அந்த முடிவை எடுத்தபோது எங்கள் மாகாணத்தில் சபையும் இல்லை, முதலமைச்சரும் இல்லை. இருந்திருந்தாலும் தடுத்திருக்க முடியாது. அதேபோல ஜீ.எஸ்.பி. பிளஸ் என்ற ஏற்றுமதி வரிச் சலுகையை ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஆகஸ்டில் நிறுத்தி 2017 மே மாதம் திரும்பத் தந்தது. கார்மென்ட் தொழிற்சாலை ஒன்று புதிதாக இங்கே வருமா, இருப்பது ஆட்குறைப்புச் செய்யுமா என்பதில் இந்த ஒரு முடிவுக்கு இருக்கிற பாரம், எங்கள் மாவட்ட உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து எழுதும் கடிதங்களுக்கு இல்லை. வட்டி வீதம், டொலர் விலை, இறக்குமதித் தீர்வை எல்லாம் இந்த வகைதான்.

தமிழ்நாட்டோடு ஒப்பிட்டீர்கள். ஆசைப்படுவது சரி, ஆனால் இரண்டு விடயம் கவனியுங்கள். ஒன்று, மாநாட்டு மேடையில் சொல்வது ஒப்பந்தக் கணக்கு. 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த மாநாட்டில் 6.64 இலட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம், நேரடியாகவும் மறைமுகமாகவும் சுமார் 27 இலட்சம் வேலை என்று அறிவித்தார்கள். கையெழுத்துக்கும் சம்பளச் சிட்டைக்கும் நடுவே வருடங்கள் கிடக்கின்றன, ஒப்பந்தங்களில் ஒரு பகுதி எப்போதும் காகிதத்திலேயே நின்றுவிடும். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் தொழிற்சாலை தொடங்கி ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்தது. வரித் தகராறும் நிறுவனம் கைமாறியதும் சேர்ந்து 2014 நவம்பரில் மூடினார்கள். அதே பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் 1990களின் கடைசியில் வந்து இன்றைக்கும் ஓடுகிறது, அதைச் சுற்றி உதிரிப்பாகத் தொழிற்சாலைகள் வரிசையாக முளைத்தன. ஆகவே மாநில அரசால் முடியும் என்பது உண்மை. ஆனால் அங்கே மாநிலத்திடம் 1970களிலிருந்து தொழிற்பேட்டைக்குக் காணி எடுத்து, வீதி போட்டு, தண்ணீர் கொடுத்து வைத்திருக்கிற சிப்காட் இருக்கிறது, மாநிலத்தின் சொந்த மின்சார நிறுவனம் இருக்கிறது, துறைமுகம் பக்கத்தில் இருக்கிறது, ஒவ்வொரு வருடமும் பொறியியல் படித்து வெளியேறும் கூட்டம் இருக்கிறது. கட்சி மாறினாலும் இது தொடர்ந்தது என்பதுதான் எனக்கு அங்கே பிடித்த விடயம்.

இரண்டாவது, எங்கள் மாகாண சபையிடம் இதில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு வந்த சபை இது, கிழக்குக்குத் தனியாக முதல் தேர்தல் 2008 மே மாதம் நடந்தது, 2017 செப்டெம்பர் கடைசியோடு காலம் முடிந்தது, அதற்குப் பிறகு ஆளுநர்தான். சபை இருந்த காலத்தில் மூன்று முதலமைச்சர்கள் இருந்தார்கள். மூவரும் வேலைவாய்ப்பு பற்றிப் பேசினார்கள், ஆனால் மாகாணத்தின் பெரும்பாலான பணம் ஆசிரியர், சுகாதார ஊழியர் சம்பளத்துக்கே போனது. முன்பு மாகாணங்களே வசூலித்த, விற்பனைத் தொகை மீதான புரள்வு வரியை 2011இல் எடுத்துவிட்டு, மத்திய அரசின் தேச நிர்மாண வரியில் மூன்றில் ஒரு பங்கைத் தந்தார்கள். 2019 டிசம்பரில் அந்த வரியையே ஒழித்தார்கள். இனி முத்திரைத் தீர்வை, வாகன அனுமதிக் கட்டணம், நீதிமன்றத் தண்டம் போன்றவைதான் சொந்த வருமானம். முதலீட்டுச் சபை கொழும்பில், சுங்கம் கொழும்பில், காணி சட்டத்தில் மாகாணப் பட்டியலில் இருந்தாலும் நடைமுறையில் கொழும்பில், வன இலாகா, வனஜீவராசிகள், கரையோரப் பாதுகாப்பு, மகாவலி அதிகார சபை எல்லாம் கொழும்பில். இந்த நிலையில் 'ஐயாயிரம் வேலை தருவேன்' என்று ஒரு மாகாண வேட்பாளர் சொன்னால், அவர் நல்ல மனிதராகவே இருந்தாலும், தன்னிடம் இல்லாத ஒன்றைத் தருவதாகச் சொல்கிறார்.

அதிகாரம் உள்ள இடத்திலும் இது சுலபம் அல்ல. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலம் 2017இல் ஃபொக்ஸ்கொன் நிறுவனத்துக்குச் சுமார் 300 கோடி டொலர் சலுகை தருவதாகச் சொல்லி 13,000 வேலை எதிர்பார்த்தது. 2021இல் ஒப்பந்தத்தைத் திருத்தியபோது எதிர்பார்ப்பு 1,454 வேலையாகச் சுருங்கியது. திமதி பார்ட்டிக் என்ற பொருளியலாளர் இந்தச் சலுகைகளை நீண்ட காலம் ஆராய்ந்தவர். சலுகை பெற்ற நிறுவனங்களில் 2 முதல் 25 வீதம் வரையானவைதான் சலுகை இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு வந்திருக்காதவை என்பது அவருடைய மதிப்பீடு. அதாவது மற்றவை எப்படியும் வந்திருக்கும். அந்த இடைவெளி எவ்வளவு அகலம் என்று பாருங்கள். கணக்கும் தரவும் நிறைந்த நாட்டிலேயே இவ்வளவு தோராயமாகத்தான் சொல்ல முடிகிறது என்றால், எங்கள் மாவட்டத்தில் 'என் கொள்கையால் இத்தனை வேலை வந்தது' என்று நுணுக்கமாக எண்ணிக்கை சொல்பவரை நம்ப எனக்குக் காரணம் இல்லை.

அப்படியென்றால் எது வேலை செய்தது? மண்முனைப் பாலத்தைச் சொல்வேன். முன்பு மட்டக்களப்பு வாவியைக் கடக்கப் 'பாதை' என்கிற மிதவையில் ஏற வேண்டும், அது அக்கரையில் நின்றால் இக்கரையில் காத்திருக்க வேண்டும், இரவானால் அதுவும் இல்லை, நோயாளியைக் கொண்டுவந்தவர்களுக்குத்தான் அந்தக் காத்திருப்பின் கொடுமை தெரியும். ஜப்பானின் உதவியில் கட்டி 2014 ஏப்ரலில் திறந்தார்கள். அதற்குப் பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்து இளைஞர்கள் காலையில் மோட்டார் சைக்கிளில் காத்தான்குடிக் கடைகளுக்கும் டவுனுக்கும் வேலைக்கு வந்து பின்னேரம் வீடு திரும்புகிறார்கள். பாலும் மரக்கறியும் கெடாமல் சந்தைக்கு வருகின்றன, லொறி நேரே வயல் ஓரம் போகிறது. இதில் எத்தனை வேலை பாலத்தால் வந்தது, எத்தனை யுத்தம் முடிந்ததால் வந்தது என்று பிரிக்க முடியாது, பிரித்துச் சொல்பவர் ஊகிக்கிறார். ஆனால் எந்தத் திசையில் போனது என்பதில் ஐயம் இல்லை. பாலத்தைத் திறந்து வைத்தவர் பெயரில் ஒரு நியமனக் கடிதமும் கிடையாது, ஆனாலும் வேலை வந்தது.

பொத்துவில் பக்கத்து அறுகம்பைக் கடற்கரையும் அப்படித்தான். அலை நல்லது என்று சேர்ஃபிங் செய்கிற வெள்ளைக்காரர் தாங்களாகவே வந்தார்கள், பொத்துவில் ஆட்கள் ஓலைக் கொட்டில் போட்டு, அறை கட்டி, பலகை வாடகைக்கு விட்டு, தாங்களே அலைச்சறுக்குப் பழகிப் பழக்கி ஒரு தொழிலை எழுப்பினார்கள். மட்டக்களப்புக்கு வடக்கே பாசிக்குடாக் கடற்கரை வேறு மாதிரி. யுத்தம் முடிந்ததும் அரசு வலயமாக்கிக் காணியைக் குத்தகைக்குக் கொடுத்து, 2011 முதல் பெரிய ஹோட்டல்கள் திறந்தன. முதலீடு வந்தது உண்மை. ஆனால் பயிற்சி பெற்ற ஆட்களை வெளி மாவட்டங்களிலிருந்து கூட்டி வந்தார்கள், எங்கள் பிள்ளைகளுக்கு அதிகம் கிடைத்தது துப்புரவும் தோட்டமும் காவலும். இங்கேதான் உள்ளூர் அரசியல்வாதிக்கு வேலை இருந்தது: ஹோட்டல் கட்டத் தொடங்கும்போதே, அது முடிய இரண்டு மூன்று வருடம் இருக்கையில், வாழைச்சேனையிலும் கல்குடாவிலும் சமையல், வரவேற்பு, கணக்கு, ஆங்கிலம் என்று ஒரு பயிற்சிநெறியை முழுமூச்சாக நடத்தியிருந்தால், திறக்கிற நாளில் ஆள் தயாராக இருந்திருக்கும். சிறிய பயிற்சிகள் நடந்தன, போதவில்லை. பிறகு 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல், கொரோனா, 2022 எரிபொருள் வரிசை என்று ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, இருந்த வேலையும் ஆடிப்போனது.

எனக்கு அதைவிடக் கவலை தருவது, யாரும் வேலையாக எண்ணாமல் அழிய விடுகிற வேலைகள். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்தரை மகாவலி அதிகார சபையின் எல்லைக்குள் வருகிறது. வெளியிலிருந்து வந்தவர்கள் அங்கே பயிர் செய்ய, மாடுகள் கொல்லப்படுவதாகப் பண்ணையாளர்கள் முறையிட்டு, 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் வீதியோரத்தில் போராட உட்கார்ந்தார்கள். மேய்க்கிறவர், கறக்கிறவர், பால் சேகரிக்கிறவர், தயிர் போடுகிற பெண் என்று அந்தத் தரையை நம்பி எத்தனை வீட்டு அடுப்பு எரிகிறது. அந்தத் தரையை வர்த்தமானியில் மேய்ச்சற்தரையாகப் பிரகடனப்படுத்துவது, புதிதாக ஒரு தொழிற்சாலை கொண்டுவருவதை விடச் செலவு குறைந்த வேலைவாய்ப்புக் கொள்கை என்று நான் உறுதியாக நம்புகிறேன். நெல்லைப் பாருங்கள். அம்பாறையும் மட்டக்களப்பும் நாட்டுக்குச் சோறு போடுகிற மாவட்டங்கள், ஆனால் அறுவடை நேரம் காய்ந்தும் காயாமலும் நெல் லொறியில் ஏறிப் பொலன்னறுவை ஆலைகளுக்குப் போகிறது. காயவைக்கக் களமும் உலர்த்தியும், வைத்திருக்கக் களஞ்சியமும், கொள்வனவுக்குக் கையில் காசும் இருந்தால் அந்த அவியலும் குற்றலும் பொதியிடலும் இங்கேயே நடக்கும். மருதமுனைக் கைத்தறிக்கு நூல் விலையும் சந்தையும்தான் பிரச்சினை, திறமை தறியில் காத்துக் கிடக்கிறது. வாழைச்சேனைக் கடதாசி ஆலை 1950களில் வைக்கோலை நம்பி எழும்பியது, ஆயிரக்கணக்கானோர் வேலை செய்த இடம். அதைக் கொண்டுவந்தவர் கைத்தொழில் அமைச்சராக இருந்த ஜீ.ஜீ. பொன்னம்பலம், கொழும்பு அமைச்சரவையில் இருந்தபடியால் முடிந்தது. யுத்தமும் பழைய இயந்திரமும் இறக்குமதிக் கடதாசியும் சேர்ந்து அதை வீழ்த்தின. ஒவ்வொரு தேர்தலிலும் அதைத் திரும்ப இயக்குவோம் என்கிறார்கள். யாருக்கு விற்கும், என்ன விலைக்கு விற்கும் என்ற கணக்கோடு பேசியவரை நான் கேட்டதில்லை.

புள்ளிவிபரத்தைக் காட்டி யாராவது பேசினால் கொஞ்சம் கவனமாக இருங்கள். எங்கள் தொழிற்படை மதிப்பீட்டில், கேட்பதற்கு முந்தைய வாரத்தில் ஒரு மணித்தியாலம் வேலை செய்திருந்தாலும் அவர் வேலையுள்ளவர். இது சர்வதேச முறைதான், ஏமாற்று இல்லை. ஆனால் அதன்படி நாட்டில் வேலையின்மை 4, 5 வீதம் என்று வரும்போது, வாரத்தில் இரண்டு நாள் கூலிக்குப் போகிற மனிதரும் வேலையுள்ளவராகத்தான் நிற்பார். வேலை தேடுவதையே விட்டுவிட்ட பெண்கள் வேலையற்றோர் கணக்கில் வரமாட்டார்கள், கிழக்கில் அப்படியான பெண்கள் அதிகம். 2022இல் மட்டும் நாட்டிலிருந்து 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக வெளிநாடு போனார்கள். அவர்கள் போனதாலும் இங்கே வேலையின்மை வீதம் குறையும். அதைச் சாதனை என்று எந்தக் கட்சி சொன்னாலும் ஏற்காதீர்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. நியமனத்துக்கு விண்ணப்பம் போடுங்கள், பரீட்சை வந்தால் எழுதுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் அதை நம்பிச் சும்மா இருக்கச் சொல்லமாட்டேன். 2022க்குப் பிறகு அரசின் கை கட்டப்பட்டிருக்கிறது, 2020 மாதிரி ஒரேயடியாக ஆள் எடுக்கும் நிலை கிட்டத்தில் வராது என்பது என் கணிப்பு, கணிப்பு மட்டும்தான். நல்ல கொள்கை இன்றைக்கே தொடங்கினாலும் அதன் வேலை ஐந்து பத்து வருடத்தில்தான் வரும், உங்களுக்கு வேலை வேண்டியது இந்த வருடம். நீங்கள் வணிகம் படித்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பக்கத்து அரிசி ஆலைகளும் ஹாட்வெயார் கடைகளும் பால் சேகரிப்பு நிலையங்களும் ஒழுங்கான கணக்கு வைக்க, வரிப் படிவம் நிரப்ப, வங்கிக் கடனுக்கு ஆவணம் தயாரிக்க ஆள் தேடுகின்றன. சம்பளம் முதலில் குறைவாக இருக்கும், ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டுவார்களா என்று கேட்டுச் சேருங்கள், சிங்களம் பேசப் பழகுங்கள், பொலன்னறுவை முதலாளியோடு விலை பேசுகிற ஆளாக நீங்கள் இருந்தால் ஆலைக்காரர் உங்களை விடமாட்டார்.

வேட்பாளர்கள் உங்கள் வீட்டுப் படலைக்கு வரும்போது எத்தனை வேலை தருவீர்கள் என்று கேட்காதீர்கள். எந்தத் தடையை எடுப்பீர்கள், அது எந்த அலுவலகத்தில் எந்த மேசையில் கிடக்கிறது, அதை எடுக்கிற அதிகாரம் உங்களுக்கா கொழும்புக்கா, கொழும்புக்கு என்றால் அங்கே யாரோடு பேசியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். உறுப்பினருக்கு ஒதுக்குகிற பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் கழகத்துக்குக் கதிரையும் கோயிலுக்குத் தகரமும் தந்ததைச் சொன்னால், நன்றி சொல்லிவிட்டுத் திரும்ப அதே கேள்வியைக் கேளுங்கள். மேய்ச்சற்தரை, நெல் உலர்த்தி, பயிற்சிநெறி, ஒலுவில் மணல் என்று இடமும் அலுவலகமும் பெயர் சொல்லி யாராவது பதில் தந்தால், அதை இங்கே எழுதுங்கள். எந்தக் கட்சிக்காரர் என்றாலும் பரவாயில்லை, அந்தத் திட்டத்தின் கணக்கை வரி வரியாக உங்களோடு சேர்ந்து பார்க்க நான் தயார்.